ஈரலுக்கு வந்த விருந்தாளிகள்

குழல்வாய்மொழி படித்த நாவல்களில் கதாநாயகிகளுக்குக் காசநோய்தான் வரும். பனி பெய்யும் ஊரில், சன்னலோரக் கட்டிலில், வெள்ளைக் கைக்குட்டையில் ஒரு துளி ரத்தத்தோடு அவர்கள் அழகாக இளைப்பார்கள். ரஷ்யாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் தமிழுக்கு வந்து சேர்ந்த அத்தனை புத்தகங்களிலும் ஒருத்திக்காவது காமாலை வந்ததாக அவள் படித்ததில்லை. கண் மஞ்சளாகி, உப்பில்லாத மோர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டு, விரல் மூட்டெல்லாம் வலிக்கிறதென்று உட்கார்ந்திருப்பவளை எந்த எழுத்தாளர் திரும்பிப் பார்ப்பார்?

அறுபத்து மூன்றாம் வருஷம் தை மாதம் வந்த மஞ்சள் அது. ஆனி பிறந்தும் போகவில்லை. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி வெறும் வயிற்றில் குடித்தாயிற்று. வெண்கலக் கிண்ணத்தில் சுண்ணாம்புத் தண்ணீர் வைத்து மந்திரித்தாயிற்று. கிண்ணத்துத் தண்ணீர் மஞ்சளானது. கண்ணின் மஞ்சள் கண்ணிலேயே இருந்தது. வாசலில் யார் வந்தாலும் முதலில் அவள் கண்ணைப் பார்த்தார்கள், அடுத்து அவள் வயிற்றைப் பார்த்தார்கள். வயிறு வீங்கத் தொடங்கினால் பிழைப்பது அரிது என்று அவர்கள் அடுப்படியில் குசுகுசுப்பது அவளுக்கும் கேட்டது. இருபத்தைந்து வயதில் அதைக் கேட்டுக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது?

டாக்டரிடம் போகலாமென்றால் மாமனார் தில்லைநாயகம் விடமாட்டார். “காமாலைக்கு இங்கிலீஷ் வைத்தியத்துல மருந்தே கிடையாது. அது ஈரலைச் சுட்டுப்புடும்” என்பார். தென்காசியில் பத்து பேரைக் கேட்டால் ஒன்பது பேர் அதையே சொல்வார்கள். ஆனால் தில்லைநாயகம் முன்சீப் கோர்ட்டில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவர். அவர் சொன்னால் அது தீர்ப்பு மாதிரி விழும். கெட்டவர் இல்லை. மாமியார் இல்லாத வீட்டில் மருமகளுக்குத் தன் கையாலேயே மோர் கடைந்து கொடுத்தவர். அதனால்தான் எதிர்த்துப் பேசவும் முடியவில்லை.

இதற்கு நடுவே குற்றாலச் சீசனின் சாரல் தொடங்கிவிட்டது. சாரல் தொடங்கினால் தென்காசி வீடுகளில் சொந்தக்காரர்கள் முளைப்பார்கள். இந்த வருஷம் அவர்களுக்கு நல்ல காரணமும் கிடைத்திருந்தது. “குழலுக்கு உடம்புக்கு முடியலையாமே, கூடமாட ஒத்தாசைக்கு ஆள் வேண்டாமா?” என்று ஆளுக்கொரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து இறங்கினார்கள். மதுரையிலிருந்து நாத்தனார் நாலு பிள்ளைகளோடு வந்தாள். வீரகேரளம்புதூரிலிருந்து கணவனின் சித்தி பேராச்சி மூட்டு வலித் தைலத்தோடு வந்தாள். தூத்துக்குடியிலிருந்து ஒரு பெரியப்பா, அவருடைய மச்சினர், மச்சினருடைய சிநேகிதர் என்று ஒரு வரிசை வந்தது.

முதல் நாள் நிஜமாகவே வேலை செய்தார்கள். வீட்டைக் கழுவினார்கள், ஒட்டடை அடித்தார்கள். வேலை தீர்ந்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. ஒழுங்காக ஓடிய சுவர்க் கடிகாரத்துக்குத் தூத்துக்குடிப் பெரியப்பா அளவுக்கு மீறிச் சாவி கொடுத்துச் சுருள்வில்லை அறுத்தார். கிணற்று ராட்டினத்துக்கு எண்ணெய் போடப்போன மச்சினர் அதைக் கிணற்றுக்குள்ளேயே விட்டார். அதை எடுக்கப் பாதாளக் கரண்டி போட்ட சிநேகிதர் வாளியையும் சேர்த்து விட்டார். காலையில் எல்லோரும் குற்றாலம் போய் அருவியில் நின்றுவிட்டு, பசியோடு திரும்பி வந்து, மறுபடியும் ஒத்தாசை செய்தார்கள்.

“என்னை எங்கயாவது கூட்டிட்டுப் போங்கத்தான்” என்றாள் குழல்வாய்மொழி ஒரு நாள்.

அவள் கணவன் பால்வண்ணநாதன் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவன். இமயமலையைப் பற்றிப் பயமில்லாமல் பேசுவான், அப்பாவிடம் மட்டும் வாய் வராது. குரலைத் தாழ்த்தினான்.

“லைப்ரரிக்குப் போறோம்னு சொல்லு. லைப்ரரிக்கு அடுத்த கட்டடந்தான் ஜப்பார் டாக்டர்.”

டாக்டர் அப்துல் ஜப்பார் மெட்ராஸில் படித்தவர். கப்பலில் ஆறு மாதம் கழித்து வரும் வெளிநாட்டு மருத்துவப் பத்திரிகைகளை, புதுசு மாதிரியே பிரித்துப் படிப்பவர். அவள் கண் இமையை இழுத்துப் பார்த்தார். வலது விலா எலும்புக்குக் கீழே விரலால் அழுத்தினார். கைவிரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார்.

“மூட்டு வலி எப்ப இருந்து?”

“காமாலையோடயே வந்துச்சு டாக்டர். சித்தியோட தைலத்தைத் தேய்ச்சுப் பார்த்தேன்.”

“சாதாரணக் காமாலை ஆறு வாரத்துல போயிரும்மா. ஆறு மாசம் குடியிருக்காது. மூட்டையும் சேர்த்துப் பிடிக்காது.” அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். “சேக் தாவூது! மணி இருக்காய்யா?”

பரிசோதனை அறையிலிருந்து சேக் தாவூது எட்டிப் பார்த்தார். “நேத்துதான் வாங்கினேன் டாக்டர். குத்தாலத்துல வளையல் கடைக்காரன், யாருக்கு மாலை கோக்கப் போறீங்க அண்ணாச்சின்னு கேட்டுட்டான்.”

கண்ணாடி மணிகள். சேக் தாவூது அவற்றைக் கொதிக்க வைத்து, உலர்த்தி, ஒரு சின்னப் புட்டியில் போட்டிருந்தார். குழல்வாய்மொழியின் ரத்தத்தை அந்தப் புட்டியில் விட்டு, மூடி, அரை மணி நேரம் கையாலேயே குலுக்கினார். மாலையில் கோக்க வேண்டிய மணிகள் ரத்தத்துக்குள் உருண்டுகொண்டிருந்ததை அவள் கண்ணெடுக்காமல் பார்த்தாள். பிறகு புட்டியை இளஞ்சூட்டில் வைத்துவிட்டு, “ரெண்டு மணி நேரம் ஆகும். நீங்க நிஜமாவே லைப்ரரிக்குப் போயிட்டு வந்துருங்க” என்றார்.

திரும்பி வந்தபோது டாக்டரும் சேக் தாவூதும் மைக்ராஸ்கோப்பை ஆளுக்கொரு பக்கமாக இடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“வாம்மா, நீயே பாரு” என்று டாக்டர் நகர்ந்தார்.

முதலில் தன் கண்ணிமையின் நிழல்தான் தெரிந்தது. அப்புறம் ஒரு வட்டமான வெளிச்சம் விரிந்தது. இளஞ்சிவப்புச் சில்லுகளுக்கு நடுவே பெரிதாக ஒன்று உப்பிக்கொண்டு நின்றது. அதன் வயிறு முழுக்க மங்கலான ஊதா உருண்டை. வாய் கொள்ளாமல் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்ட ஆள் மாதிரி இருந்தது.

“இது யாரு டாக்டர்?”

“உன் ஆளுதான். வெள்ளை அணு. கிருமி வந்தா அடிச்சு விரட்டுறதுக்கு உன் உடம்பே வளர்க்கிற பட்டாளம்.”

“வாயில என்ன வச்சிருக்கான், கிருமியா?”

“அங்கதான் விஷயமே இருக்கு. அது மணியில அடிபட்டு உடைஞ்ச இன்னொரு அணுவோட கரு. அதுவும் உன்னோடதுதான். சொந்த வீட்டுச் சரக்கை இது அந்நியம்னு நினைச்சுத் தின்னுருக்கு.”

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நிதானமாகச் சொன்னார். முதலில் ஏதோ ஒரு கிருமி ஈரலுக்குள் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். எப்படியோ பட்டாளம் ஈரலுக்குள் நுழைந்துவிட்டது. கிருமியை அடித்தால் திரும்ப வேண்டும். திரும்பவில்லை. ஈரலின் அணுக்களையே எதிரியாக நினைத்து அடிக்கிறது. அடிபட்ட இடம் வீங்கிப் புண்ணாகிறது. அந்தப் புண்ணைப் பார்த்து இன்னும் ஆள் வருகிறது. பித்தம் போக வழியில்லாமல் ரத்தத்தில் ஏறி, கண் மஞ்சளாகிறது. “இதே மாதிரிக் காமாலைக்காரங்க ஈரல்ல ஊசி வச்சு ஒரு துணுக்கு எடுத்து வெளிநாட்டுல பார்த்திருக்காங்க. எங்க பார்த்தாலும் வெள்ளை அணுக் கூட்டம். அந்த ஊசி இங்க இல்ல. ஆனா இந்த ரத்தமும் உன் மூட்டும் சொல்ற கதை அதுதான்.”

பால்வண்ணநாதன், “பட்டாளத்தை நம்ம ஊருக்குள்ளயே விட்டா…” என்று ஏதோ ஆரம்பித்து நிறுத்தினான்.

குழல்வாய்மொழிக்குப் பட்டாளம் பிடிபடவில்லை. அவள் பட்டாளத்தைப் பார்த்ததே இல்லை. ஆனால் வேறொன்று பளிச்சென்று பிடிபட்டது.

“டாக்டர், இது சீசனுக்கு வந்த சொந்தக்காரங்க மாதிரியா? ஒத்தாசைக்குன்னு வருதாவ. வேலை முடிஞ்சும் போகமாட்டேங்காவ. சும்மாயிருக்க முடியாம ஓடுற கடிகாரத்துக்குச் சாவி குடுக்காவ. உடைஞ்சதைச் சரி பண்ணுறேன்னு இன்னும் நாலு பேரைக் கூப்பிடுதாவ.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். உள்ளேயிருந்து சேக் தாவூதும் சிரித்தார்.

“அதேதாம்மா. அந்தப் பத்திரிகைக்காரங்க எட்டுப் பக்கம் எழுதியிருக்காங்க. நீ நாலு வரியில முடிச்சிட்டே.”

“இப்படியே விட்டா?”

சிரிப்பு அடங்கியது. “அழிஞ்ச இடத்துல தழும்பு விழும். தழும்பு ஈரல் வேலையைச் செய்யாது. முழுக்கத் தழும்பாயிட்டா அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. இப்ப அப்படியில்ல. இப்பப் பிடிச்சா நிறுத்தலாம்.” அவர் ஒரு மாத்திரைப் பெயரை எழுதினார். “இது கிருமியைக் கொல்ற மருந்து இல்ல. அந்தக் கூட்டத்தை உட்கார வைக்கிற மருந்து. பசி பயங்கரமா எடுக்கும். முகம் உப்பும். ஒண்ணை மட்டும் நல்லா ஞாபகம் வச்சுக்கோ. நான் சொல்லாம ஒரு வேளைகூட நிறுத்தக்கூடாது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். திடீர்னு நிறுத்தினா ஆளே விழுந்துருவே. வேற மருந்து, லேகியம், சூரணம் எதுவும் வேண்டாம்.”

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏனென்றால் அதே நேரத்தில் வீட்டு முற்றத்தில் தில்லைநாயகம் லேகியம் கிண்டிக்கொண்டிருந்தார்.

சாரல் விழுந்ததும் மலையேறி, மூலிகை பறித்து, நாற்பது சரக்கு சேர்த்து, கருப்பட்டிப் பாகில் அவரே கிண்டிய லேகியம். “இது நோயை எதிர்க்கிற சக்தியை ஒண்ணுக்கு நாலாக்கும்” என்று மூன்று டப்பாக்களில் அடைத்து மருமகளிடம் கொடுத்தார். அவர் கைகளெல்லாம் நெருப்புப் பட்டுச் சிவந்திருந்தன. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அன்றைக்கு ஒரே ஒரு உருண்டையை அவர் எதிரே விழுங்கினாள்.

மாத்திரைப் புட்டியை அலமாரியில் ஒரு தடித்த ரஷ்ய நாவலுக்குப் பின்னால் வைத்தாள். அந்த வீட்டில் அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது. லேகியத்துக்குத்தான் வழி தெரியவில்லை. அதற்கு வழி தானாகவே வந்தது.

“ஏட்டி குழலு, அது என்ன கருப்பட்டி வாசனை?” என்றாள் பேராச்சி சித்தி.

“மாமா குடுத்த லேகியம் சித்தி. எனக்குக் குமட்டிக்கிட்டு வருது.”

“கொண்டா, வீணாப் போயிரும்லா.”

அன்றிலிருந்து காலையும் மாலையும் இரண்டு உருண்டை பேராச்சி சித்தியின் வாய்க்குள் போனது. யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று பேச்சு.

மாத்திரை பத்தே நாளில் வேலையைக் காட்டியது. முதலில் விரல் வலி போனது. அப்புறம் பசி வந்தது. சாதாரணப் பசியா அது? அதிகாலையில் இட்லிக் கொப்பரை ஏறுவதற்குள் அவள் அடுப்படியில் நின்றாள். எட்டு இட்லி தின்றுவிட்டு அடுத்த ஈட்டுக்குக் காத்திருந்தாள். மூன்றாவது வாரம் கண்ணில் மஞ்சள் இருக்கிறதா இல்லையா என்று தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. முகம் உப்பி, கன்னம் இரண்டும் பணியாரம் மாதிரி ஆகிவிட்டது.

தெருவே வந்து பார்த்தது. தில்லைநாயகம் வாசலிலேயே நின்று விளக்கினார்.

“பாருங்கய்யா! ஆறு மாசக் காமாலை, இருபதே நாள்ல! முகத்தைப் பாத்தீங்களா? தேஜஸ்! நாப்பது மூலிகை!”

“எங்க மச்சானுக்கும் ஒரு டப்பா குடுங்க அண்ணாச்சி” என்று இலத்தூரிலிருந்துகூட ஆள் வந்தார்கள். அவர் மறுபடியும் மலையேறினார். வீட்டில் தங்கியிருந்த கூட்டம் முழுவதும் இப்போது மூலிகை ஆய்வதில் ஒத்தாசை செய்தது. குழல்வாய்மொழிக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் நாளைக்குச் சொல்லலாம் என்று ஆனது.

நாளை என்பது ஒரு வியாழக்கிழமை வந்தது. மருமகள் பிழைத்துக்கொண்ட சந்தோஷத்தில், அவள் அப்படி என்னதான் படிக்கிறாள், நாமும் பார்ப்போமே என்று தில்லைநாயகம் வாழ்க்கையில் முதல்முறையாக அலமாரியிலிருந்து ஒரு நாவலை எடுத்தார். கிடைத்தது தடித்த புத்தகம். பின்னாலேயே புட்டியும் கிடைத்தது.

காலை மாத்திரைக்காக வந்த குழல்வாய்மொழி, அவர் கையில் புட்டியைப் பார்த்து நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

“என்ன இது?”

“ஜப்பார் டாக்டர் குடுத்தது மாமா. காலையில போடணும். தாங்க.”

“ஈரல் தேறி வருத நேரத்துல இங்கிலீஷ் மாத்திரையா? ஏலே பால்வண்ணம்! இங்கன வா. உனக்குத் தெரிஞ்சுதான் நடக்குதா?”

பால்வண்ணநாதன் வந்தான். இமயமலை அளவுக்குத் தைரியத்தைச் சேர்த்து, “ஆமாப்பா” என்றான். அதோடு தைரியம் தீர்ந்துவிட்டது.

தில்லைநாயகம் புட்டியைச் சட்டைப்பைக்குள் போட்டார். “நான் அந்த டாக்டரையே கேக்கேன்.”

“நானும் வாறேன் மாமா. அதை நிறுத்தினா நான் விழுந்துருவேன்னு சொல்லியிருக்காரு” என்று அவளும் செருப்பை மாட்டினாள். அதைக் கேட்டுத் தில்லைநாயகம் நடையைக் கொஞ்சம் வேகப்படுத்தினார். கோபத்தினாலா, பயத்தினாலா என்று சொல்ல முடியாது.

டாக்டர் வாசலில் ஏழெட்டு நோயாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மடியில் தில்லைநாயகத்தின் லேகிய டப்பாவே இருந்தது. தில்லைநாயகம் உள்ளே நுழைந்து, உட்காராமல், குறுக்கு விசாரணையைத் தொடங்கினார்.

“காமாலைக்கு உங்க வைத்தியத்துல மருந்து உண்டா, இல்லையா?”

“சாதாரணக் காமாலைக்கு இல்ல அண்ணாச்சி.”

“அப்ப இது என்ன?” என்று புட்டியை மேசைமேல் வைத்தார். “உண்டுன்னு சொல்லுங்க, இல்ல இல்லைன்னு சொல்லுங்க.”

“வாங்க, ஒண்ணு காட்டுதேன்.” டாக்டர் அவரை மைக்ராஸ்கோப்பிடம் அழைத்துப் போனார். சேக் தாவூது ரத்தம் தடவிய அந்தப் பழைய கண்ணாடிச் சில்லை எடுத்து வைத்தார். தில்லைநாயகம் வெகு நேரம் பார்த்தார். அது என்னவென்று டாக்டர் சொன்னார். சீசனுக்கு வந்த சொந்தக்காரர்கள் என்றே சொன்னார். கடந்த மூன்று வாரமாக எல்லா நோயாளிகளிடமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது, வெளியே இருந்தவர்கள் அந்த இடம் வந்ததும் முன்கூட்டியே சிரித்தார்கள்.

“நான் கோர்ட்டுல இருந்ததில்ல அண்ணாச்சி. ஆனா ஒண்ணே ஒண்ணு கேக்கேன்” என்றார் டாக்டர். “உங்க லேகியம் என்ன செய்யும்?”

“எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும். ஒண்ணை நாலாக்கும்.”

“இப்பப் பாத்தீங்களே, அதுதான் எதிர்ப்புச் சக்தி. அதுதான் உங்க மருமகள் ஈரலைத் தின்னுக்கிட்டு இருந்துச்சு. அதை நாலாக்கினா?”

தில்லைநாயகம் திரும்பி மைக்ராஸ்கோப்பைப் பார்த்தார். முப்பது வருஷம் எத்தனையோ சாட்சிகள் இப்படிக் கூண்டில் மாட்டிக்கொண்டதை அவர் பார்த்திருக்கிறார். கை மெல்ல நாற்காலியைத் தேடியது. உட்கார்ந்தார். மருமகளின் உப்பிய முகத்தைப் பார்த்தார். வாசலில் எல்லோருடைய காதும் இங்கேயே இருந்தது. லேகிய டப்பாக்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

“அதுல ஒரு சக்தியும் கிடையாது டாக்டர்” என்றார் தில்லைநாயகம். தீர்ப்புக் குரல் இல்லை, வேறு குரல். “வெறும் கருப்பட்டி. சுக்கு, திப்பிலி, ஒரு கரண்டி நெய். நாப்பது மூலிகைன்னு சொல்லிக்கிட்டு வாறேன், அதுல பதினாறுக்கு எனக்குப் பேரே தெரியாது. பச்சையா இருந்துச்சு, பறிச்சேன். அது ஒண்ணும் செய்யாது. ஒண்ணும் செஞ்சிருக்காதுல்லா? புள்ள ஈரலுக்கு ஒண்ணும் ஆயிருக்காதுல்லா?”

அந்த மனிதர் ஊரறியத் தன் பெருமையைக் கழற்றிக் கீழே வைப்பதைக் குழல்வாய்மொழியால் பார்க்க முடியவில்லை.

“மாமா, நான் அதைத் தின்னவே இல்ல.”

“என்னது?”

“முதல் நாள் ஒரு உருண்டை. அவ்வளவுதான்.”

“மூணு டப்பா?”

“மூணும் பேராச்சி சித்தி.”

தில்லைநாயகத்தின் முகத்தில் முதலில் நிம்மதி வந்தது. அது முழுசாக வந்து உட்காருவதற்குள் வேறொன்று அதைத் தள்ளிக்கொண்டு வந்தது.

“அதான் சங்கதியா! மூட்டு வலிக்காரி, போன வாரம் செண்பகாதேவி அருவிக்கு ஆடு மாதிரி ஏறிட்டு வந்தாளே!” அவர் வாசல் பக்கம் திரும்பினார். “நில்லுங்கய்யா, டப்பாவைக் கீழ போட்டுராதீங்க. அதுல சக்தி இருக்கு!”

வாசலே சிரித்தது. டாக்டர் மேசையில் தட்டிச் சிரித்தார்.

“இருந்துட்டுப் போகட்டும் அண்ணாச்சி. மூட்டு வலிக்காரங்களுக்குக் குடுங்க. கண்ணு மஞ்சளாயிருந்தா மட்டும் டப்பா குடுக்காம இங்கன அனுப்பிருங்க.”

“அதுக்கு எழுத்து மூலமா ஒப்பந்தம் வேணுமா?”

“வாய்வார்த்தை போதும்.” டாக்டர் சுவரைப் பார்த்தார். “மணி பத்தாகப் போகுது. காலை மாத்திரை இன்னும் போகல.”

தில்லைநாயகம் துள்ளி எழுந்தார். மேசையிலிருந்த புட்டியை எடுத்தார். டாக்டர் எழுதிக் கொடுத்திருந்த சீட்டைக் கேட்டு வாங்கினார். இந்த வாரம் எத்தனை, அடுத்த வாரம் எத்தனை, எந்தத் தேதியில் அரையாகக் குறைப்பது என்று தீர்ப்பு நகலைச் சரிபார்ப்பது போல விரல் வைத்து இரண்டு முறை படித்தார். சேக் தாவூதிடம் தண்ணீர் வாங்கினார். மாத்திரைகளை எண்ணி மருமகள் உள்ளங்கையில் வைத்துவிட்டு, அவள் தொண்டை ஏறி இறங்குவதைக் கண்கொட்டாமல் பார்த்தார்.

“முழுங்கிட்டியா?”

“முழுங்கிட்டேன் மாமா.”

“வாயைத் திற. நாக்கைத் தூக்கு.”

அவள் அத்தனை பேர் முன்னாலும் வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினாள்.